பொழுதுபட்டால் கீரை ஆகாது

ஒரு பிடி சாப்பிட்டுவிட்டால் குகதாசன் போகமாட்டான் என்று சிவமலர் நம்பினாள். நம்புவதற்கு வேறு என்ன இருக்கிறது?

போன ஞாயிறுதான் சொன்னான். லெஸ்டரில் வேலை கிடைத்திருக்கிறதாம். தனியாகப் போகிறானாம். "நீர் ஸ்ட்ரெதத்தில உம்மட அண்ணையோட போய் இரும்" என்றான். எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

கலியாணமாகி இரண்டு வருடம். அவனுக்கு இரவெல்லாம் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். அவளுக்குப் பகலில் தையல் வேலை. புலம்பெயர்ந்து வந்த எட்மண்டனில் ஒரே மாடி அறையில் இருந்தும், ஒருவர் எழும்ப மற்றவர் படுக்கிற சீவியம். அவன் வாய்விட்டு ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். "நல்ல கீரை வறை தின்டு எவ்வளவு காலம்!"

அந்த ஒரு சொல்லுக்காகவே ஆவணியில் வீட்டுக்காரி றோஸ்மலரின் பின்வளவைக் கொத்தினாள். முளைக்கீரை இந்த ஊர்க் குளிருக்கு ஒரு கிழமைகூட நிற்காது. சீனக் கடையில் பக் சோயும் கடுகுக்கீரையும் விதையாக வாங்கினாள். உறைபனி விழுந்தாலும் அவை சாகா. அப்படியும் மனம் கேட்காமல், குப்பையில் கிடந்த பழைய ஜன்னல் கண்ணாடிகளைக் கொண்டுவந்து மூடினாள்.

"கீரைக்கு வீடு கட்டுறாய் பிள்ளை. வாடகை ஆர் தாறது, நீயோ கீரையோ?" என்று றோஸ்மலர் சிரித்தாள்.

இந்த மார்கழி ஞாயிறு மத்தியானம், பனி விடும்வரை காத்திருந்து வெட்டினாள். விறைத்த இலையை வெட்டினால் சட்டியில் கூழாகிவிடும். தண்டை முதலில் வதக்கி, இலையைப் பின்னால் போட்டு, தேங்காய்ப்பூ தூவி, அடுப்பால் இறக்கித் தேசிக்காய் பிழிந்தாள். மணம் படியெல்லாம் இறங்கிப் போனது.

குகதாசன் எழும்பி, குளித்து, பையோடு வந்தபோது மணி நாலு. தெருவிளக்குகள் எரிந்தன.

"என்ன, கீரையோ?"

"ஓம், எங்கட வளவில வந்தது. இருங்கோ, போடுறன்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "பொழுதுபட்டிட்டுது. விளக்கு வச்சாப்பிறகு ஆரும் கீரை தின்னுவினமோ?"

"நாலு மணிதானே!"

"இருட்டினா இருட்டுத்தான். ஊர்க் கணக்குப் பாத்தாலும் இப்ப அங்க ராத்திரி ஒன்பதரை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வெள்ளிக்கிழமையில் இறைச்சிப் பர்கர் தின்கிறவன், விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டுகிறவன், இந்த ஒரு சாத்திரத்தை மட்டும் இன்றைக்கு எங்கிருந்து பொறுக்கினான்?

"ஒரு வாய் சாப்பிடுங்கோ. லைட் எல்லாத்தையும் போட்டுவிடுறன், பகல் எண்டு நினைச்சுக்கொண்டு..."

"விசர்க்கதை கதையாதையும். கோச் பஸ்சுக்கு நேரமாச்சு."

அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டால் கால் எழும்பாதென்று பயப்படுகிறானோ? அவன் முகத்தைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பயம்கூட அங்கே இல்லை. அவனுக்குப் பசிக்கவில்லை. அவ்வளவுதான்.

கீழே கதவு சாத்திக்கொண்டது.

சற்று நேரத்தில் றோஸ்மலர் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "மணத்துக்கு இருக்க ஏலாமல் வந்திட்டன். ராவில கீரை ஆகாதெண்டு நீங்கள் சொல்லுவியள். சேர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு அந்தச் சட்டமில்லை, போடு பிள்ளை."

அவனுக்கு எடுத்து வைத்த சாப்பாட்டுக் கோப்பையில் சிவமலர் சோறு போட்டாள். றோஸ்மலர் குழைத்து, கண்ணை மூடி, விரலைச் சூப்பிச் சாப்பிட்டாள்.

"அருமை. அவர் வெளிக்கிட்டுப் போற சத்தம் கேட்டது. சாப்பிட்டவரோ?"

"ஓம் அக்கா" என்றாள் சிவமலர். "வயிறு நிறையச் சாப்பிட்டவர்."

மிச்சக் கீரையையும் வழித்து றோஸ்மலரின் கோப்பையில் போட்டாள்.