பக்கத்துப் பட்டறையின் ஒற்றை டிரம்

அபாயக் கழிவு ஏற்றும் லாரி குத்துக்கல்வலசைக்கு வந்த காலையில், விஜய்பாண்டி தன் பட்டறை வாசலில் நின்று பக்கத்துப் பட்டறையின் டிரம்களை எண்ணினார். ஒன்றே ஒன்றுதான் ஏறியது. அவருடையவை ஆறு.

இரண்டு பட்டறையிலும் ஒரே வேலைதான். பித்தளைக் குழாய்களுக்கும் கைப்பிடிகளுக்கும் நிக்கல் முலாம் பூசுவார்கள். பூசிய சாமானைக் கழுவிய தண்ணீரில் நிக்கல் கலந்திருக்கும். சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்தால் பச்சைச் சேறாகக் கசடு தங்கும். மண்ணில் கொட்டினால் நஞ்சு கிணறு வரை இறங்கிவிடும். அதனால் டிரம்மில் அடைத்து லாரியில்தான் அனுப்ப வேண்டும். வேலை கூடினால் கசடும் கூடும் என்பது விஜய்பாண்டியின் நம்பிக்கை.

சீசன் நெருங்குகிற நேரம். குற்றாலத்து விடுதிகளின் குளியலறைக் குழாய்கள் எல்லாம் இந்த வருடம் பக்கத்துப் பட்டறை ஜெயசித்ராவிடம் போய்விட்டன. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த வயிறு, அந்த ஒற்றை டிரம்மைப் பார்த்ததும் திகுதிகுவென்று எரிந்தது.

“ஏலே மாடா, பாத்தியா? அத்தன ஆர்டர் செய்யுதா, கசடு ஒரே டிரம்மாம்! மிச்சத்த ஓடையில தெறந்து விடுதாலே.”

“நீங்க பாத்தியளா மொதலாளி?” என்றான் தொட்டியருகே நின்ற மாடன்.

“பாக்க வேற செய்யணுமாக்கும்? ஒனக்கு அவ எப்பம்லே சம்பளம் குடுத்தா?”

அன்றே பெயர் சொல்லாமல் புகார் கொடுத்தார். மூன்றாம் நாள் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பரீது வந்தார். விஜய்பாண்டியும் தற்செயலாக வந்தவர்போல ஒட்டிக்கொண்டார். ஜெயசித்ராவின் கொல்லைப்புற வாய்க்கால் காய்ந்து கிடந்தது, எறும்புகள் ஊர்ந்தன. அதைத் தாண்டிப் போன பரீது, ஓடைக்கரையில் குனிந்தார். வெளிறிய பச்சைத் தண்ணீர் மெல்லியதாகக் கசிந்துகொண்டிருந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தவர், விஜய்பாண்டியின் பட்டறைக்குள் போய் நின்றார்.

கழுவுகிற தொட்டியில் காலையில் திறந்த குழாய் சாயங்காலம் வரை ஓடும். அவ்வளவு தண்ணீரைக் கசடு படியும் தொட்டி தாங்கவில்லை. பின்சுவர் வழியாக வழிந்தது. அந்தப் பக்கம் விஜய்பாண்டி போய்ப் பார்த்ததே இல்லை.

“ஒரு மாசம் டைம் அண்ணாச்சி,” என்றார் பரீது. “அதுக்குள்ள சரி பண்ணலன்னா பட்டறைய மூடச் சொல்லி ஆர்டர் வந்துரும்.”

பத்துக் குடும்பம் நம்பியிருக்கிற பட்டறை. மறுநாள் ஜெயசித்ராவின் வாசலில் போய் நின்றார். ஒற்றை டிரம்மின் ரகசியத்தைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. புகார் குடுத்த களைப்பா இருக்கும், காப்பி குடிக்கியளா?” என்றாள் அவள்.

தலையைக் குனிந்தபடியே, கசடு எப்படி ஒரே டிரம்மில் அடங்குகிறது என்று கேட்டார். அவள் உள்ளே அழைத்துப் போனாள்.

அங்கே மாடத்தி என்ற பெண், குழாய்கள் மாட்டிய சட்டத்தை முலாம் தொட்டியிலிருந்து தூக்கினாள். உடனே கழுவவில்லை. தொட்டிக்கு மேலேயே ஒரு கம்பியில் தொங்கவிட்டு, அடுத்த சட்டத்தில் சாமான் மாட்டத் தொடங்கினாள். ஒட்டியிருந்த கரைசல் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பியது. பிறகுதான் கழுவினாள், வரிசையாக மூன்று தொட்டிகளில்.

“நல்ல தண்ணி கடேசித் தொட்டிக்கு மட்டுந்தான் அண்ணாச்சி. அங்கருந்து ரெண்டாவதுக்கு, அப்புறம் மொதத் தொட்டிக்கு வரும். சாமான் முன்னால போவுது, தண்ணி பின்னால வருது. மொதத் தொட்டியில நிக்கல் சேந்துரும். முலாம் தொட்டி சூட்டுல தண்ணி ஆவியாகிக் கொறையும்லா, அங்கன இத ஊத்திருவோம். நிக்கலு வேலைக்கே திரும்பிருது. கசடாக மிச்சம் எங்க இருக்கு?”

பெரிய மாயம் ஏதாவது இருந்திருந்தால் விஜய்பாண்டிக்கு மனம் ஆறியிருக்கும். ஒரு கம்பி, மூன்று தொட்டி! இது தனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு இன்னும் எரிந்தது. தூக்கிய வேகத்தில் முக்கிக் கழுவுகிறவனுக்கு ஆயுத பூஜைக்குப் புதுவேட்டி கொடுத்தவர் அவர். வருடா வருடம் வாங்கியவன் மாடன்.

பட்டறைக்குத் திரும்பியதும் ஓடிக்கொண்டிருந்த குழாயை அடைத்தார்.

“மாடா, இனிமே வேகம் வேண்டாம்லே. சொட்டி முடியட்டும், பொறவு கழுவு.”

“அப்பம் எம் பூஜ வேட்டி, மொதலாளி?”

“பொறுமையா நிக்கவனுக்குத்தாம்லே இனி வேட்டி. அவ கொல்லையவே பாத்துட்டு நின்னு எங் கொல்லைய பாக்காம விட்டுட்டேன். கழிவ எங்க கொட்டன்னு அலையதவிட, அது உண்டாவாம பாத்துக்கிடணும். ஒருத்தி நல்லா செய்தான்னா வயிறெரியக் கூடாதுலே, எப்படின்னு போய்க் கேக்கணும். ஒரு வருசம் முந்தியே கேட்டிருந்தேன்னா ஓடையாவது தப்பிச்சிருக்கும்.”