மூன்று வெள்ளைத்தாள்கள்

மூன்றாவது வெள்ளைத்தாளும் வந்து சேர்ந்தபோது லவெல் பெட்வேக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் முதல் இரண்டு தாள்களிலேயே தீர்ந்துவிட்டது. இப்போது வேறொன்று அரித்தது. ஒரு மனிதர் மாதம் தவறாமல், ஒன்றுமே எழுதாத தாளை மடித்து, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, ஒஹாயோவிலிருந்து அலபாமா வரைக்கும் எதற்காக அனுப்ப வேண்டும்?

"உன்னைக் கைகழுவிட்டாருடா உன் ஆளு," என்றான் பக்கத்துக் கட்டில் க்ளியான் மினிஃபீல்ட். காட்டன் க்ரீக் சிறையில் நூற்றிருபது பேர் படுக்கும் அந்தக் கூடத்தில், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்லும் உரிமையை அவன் தனக்குத்தானே வழங்கிக்கொண்டிருந்தான். "நேராச் சொல்ல வாய் வரலை. அதான் வெறுந்தாளா அனுப்புறாரு. என் பொண்டாட்டியாவது ரெண்டு வரி எழுதிட்டுப் போனா."

"கைகழுவுறவன் எதுக்குடா மூணு தடவை அனுப்பணும்? ஒரு தடவை போதாதா?"

"சில பேரு நல்லா சோப்புப் போட்டுக் கழுவுவாங்க."

லவெல் சிரிக்கவில்லை. அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வருகிறேன், அல்லது மாட்டேன்.

மே பதினான்காம் தேதி மாண்ட்கோமெரியில் விடுதலை வாரியம் அவன் வழக்கை எடுக்கிறது. கைதியை அங்கே கூட்டிப்போக மாட்டார்கள். அவனுக்காக வெளியிலிருந்து யாராவது போய், மைக்கின் முன் நின்று, இவனை எனக்குத் தெரியும், இவன் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் அப்படிச் சொல்ல ஒருவரும் போகவில்லை. லவெலின் கோப்பு மூன்று நிமிடத்தில் மூடப்பட்டது. அம்மா அதற்கு முந்தைய வருடமே போய்ச்சேர்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வயதில் செல்மாவில் ஒரு கடையின் வெளியே காரை ஓட்டத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு, உள்ளே போனவன் சுட்டதற்கும் சேர்த்து, ஆயுள் தண்டனை. இப்போது வயது நாற்பத்து மூன்று. இந்த முறையும் யாரும் போகவில்லையென்றால் அடுத்தது மறுபடி ஐந்து வருடம்.

அதனால்தான் டிசம்பரில், நாலு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவது தடவை ஹோசியா டார்வருக்கு எழுதிக் கேட்டான்: நீங்கள் வருவீர்களா?

டார்வர், அதே அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருக்கும் ஒரு சர்ச், கைதிகளுக்குக் கடிதம் எழுத நடத்தும் குழு மூலம் வந்தவர். ஒஹாயோவின் டொலிடோ நகரில் கார் பிரேக் சரிசெய்யும் கடை வைத்திருப்பதாக எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய முதல் கடிதத்தைப் பிரித்தபோது லவெல் பைபிள் வசனத்தையும் புத்திமதியையும் எதிர்பார்த்தான். இரண்டும் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன. உங்கள் கட்டிலிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது? உங்கள் கையால் முதன்முதலில் பழுதுபார்த்த பொருள் எது? இன்றைக்கு எதைப் பார்த்து, அது ஏன் அப்படி என்று தோன்றியது?

இவன் இடக்காகப் பதில் போட்டான்: சுவர். ஞாபகமில்லை. உங்களைப் பார்த்துத்தான்.

அதற்கும் அந்த மனிதர் அசரவில்லை. அடுத்த கடிதத்தில் கேட்டார்: சுவர் என்ன நிறம்? அந்த நிறத்துக்கு அடியில் என்ன நிறம்?

பொழுதுபோகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை லவெல் தலைமாட்டுச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பச்சைக்கு அடியில் வெளிர்மஞ்சள். மஞ்சளுக்கு அடியில், கட்டைவிரல் அகலத்துக்கு, நல்ல நீலம். அத்தனை வருடம் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்தவனுக்கு அதற்குள் ஒரு நீலம் இருந்தது தெரியாது. அன்றைக்கு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

அப்புறம் அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. சோளரொட்டியின் மேல்பக்கம் ஏன் வெடிக்கிறது என்று சமையல்கட்டில் போய்க் கேட்டுத் திட்டு வாங்கினான். கூரை இடுக்கில் கூடு கட்டிய குருவி ஒரு மணிக்கு எத்தனை தடவை வந்துபோகிறது என்று எண்ணினான். பள்ளி இறுதித் தேர்வுக்கான புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இந்த அரிப்பில்தான். அதில் தேறியும்விட்டான். இத்தனைக்கும் டார்வர் ஒருநாளும், படி என்று சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் வெறுந்தாள் அனுப்புவாரா? லவெல் தபால் ஜன்னலுக்குப் போய் வரிசையில் நின்றான்.

"மேடம், இதுல ஒண்ணுமே இல்லையே?"

மிஸ் க்ரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள். "மெஷின்ல என்ன வந்துச்சோ அதத்தான் குடுக்க முடியும். நானா உக்காந்து உனக்குக் காதல் கடுதாசி எழுத முடியும்?"

"அசல் எங்க மேடம்?"

"அரைச்சாச்சு. உனக்குத் தெரியாதா? ஜனவரியிலேர்ந்து இதானே சட்டம். அடுத்த ஆளு வா!"

தெரியாமல் என்ன. ஜனவரியிலிருந்து எந்தக் கடிதமும் நேராக வருவதில்லை. எங்கேயோ ஓர் ஊரில் ஓர் இயந்திரம் அதைப் படம்பிடிக்கும்; நகல் இங்கே வரும்; அசல் தூளாகும். போதைமருந்து தாளில் ஊறி வருகிறதாம். அது வருவது நின்றபாடில்லை. பெண்டாட்டி பிள்ளைகளின் கைபட்ட தாள்தான் நின்றது. இந்தப் புத்திசாலித்தனத்துக்கு யார் சம்பளம் வாங்குகிறார்களோ.

லவெல் மூன்று நகல்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அழுக்கு என்று நினைத்திருந்த ஒன்று இப்போது கண்ணில் பட்டது. கடுகு சிதறியதுபோல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். மற்றவர்களின் நகல்களை வாங்கிப் பார்த்தான்; அவற்றில் இல்லை. இதில் மட்டும் இருந்தன. அவை சிதறியும் இருக்கவில்லை. கோடு போட்டதுபோல் நேர்வரிசையில் இருந்தன.

மெத்தைக்கடியில் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த பழைய கடிதங்களை எடுத்தான். அவை இயந்திரம் வருவதற்கு முன் வந்த அசல்கள். ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"என்னடா, கழண்டுருச்சா?" என்றான் க்ளியான்.

"பென்சில்டா! மனுஷன் பென்சில்ல எழுதறாரு. பூ மாதிரி எழுதிட்டு, வாக்கியம் முடியுற இடத்துல மட்டும் புள்ளிய அழுத்திக் குத்துறாரு. மெஷினுக்குக் குத்துனது மட்டும் தெரியுது. மூணு தாளும் நெறைய எழுதியிருக்காருடா, ரெண்டு பக்கமும்!"

எழுதியிருக்கிறார். ஆனால் என்ன எழுதியிருக்கிறார்? அதை அரைத்தாயிற்று. கோபத்தில் இவன் மூன்று மாதமாகக் கடிதமே போடவில்லை; போட்டிருந்தால் பிப்ரவரியிலேயே விஷயம் தெரிந்திருக்கும். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

க்ளியான் ஓர் அசலை வாங்கிப் புரட்டினான். "ஏண்டா, கடை வெச்சிருக்கற ஆளு. பேனா வாங்க முடியாதா? பென்சில்ல யாரு எழுதுவா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எழுதும். தச்சன் எழுதுவான். அப்புறம்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

அப்புறம் யார் என்று இருவருக்கும் தெரியும். கூடத்தில் எல்லாரிடமும் பேனா உண்டு. தனியறையில் போட்டால் மட்டும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென்சில் தருவார்கள். அங்கே வருடக்கணக்கில் கிடந்தவர்களைப் பார்த்தாலே தெரியும். தாளில் ஓரம் விட மாட்டார்கள். எழுத்தைப் பொடியாக எழுதுவார்கள். பென்சில் தேய்ந்துவிடுமே என்று அழுத்தவும் மாட்டார்கள்.

டார்வரின் தாள்களில் ஓரமே இல்லை.

லவெல் முதல் கடிதத்தை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தான். ஹோசியா டார்வர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ரப்பரால் அழித்த ஒரு மங்கல். இரண்டு வருடத்தில் இருபது தடவை படித்தும் அதை அவன் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. க்ளியானிடம் பென்சில் வாங்கி, ஈயத்தைச் சாய்த்து, அந்த இடத்தின் மேல் மெல்லத் தேய்த்தான். சாம்பல் பூச்சுக்கு நடுவே வெள்ளையாக எண்கள் எழும்பின. ஒன்று, நாலு, ஏழு... மொத்தம் ஆறு.

இங்கே எந்தத் தாளில் பெயர் எழுதினாலும் பக்கத்தில் எண்ணையும் நன்றாகத் தெரியும்படி அழுத்தி எழுத வேண்டும். எண் இல்லாத பெயரைச் சிறையில் யாரும் சீந்த மாட்டார்கள். வருடக்கணக்கில் பழகிய கை, பெயர் முடிந்ததும் தானாக எழுதிவிடும். டார்வரின் கையும் எழுதிவிட்டது. பிறகு பதறிப்போய் அழித்திருக்கிறார்.

"நம்ம ஸ்டேட்டு நம்பர்டா," என்றான் க்ளியான், குரலைத் தாழ்த்தி. "என்னுது, உன்னுதெல்லாம் ரெண்டுல ஆரம்பிக்குது. இது ஒண்ணு. பழைய ஆளு."

முதலில் லவெலுக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே நல்லபடியாக வாழும் ஒரு மனிதர் தன்னை மதித்து எழுதுகிறார் என்று இரண்டு வருடம் பெருமைப்பட்டிருக்கிறான். இவரும் நம்மில் ஒருவர்தானா? சற்று நேரம் கழித்து அதே எண்ணம் வேறு மாதிரியாகத் திரும்பி வந்தது. இவரும் நம்மில் ஒருவர். அவருக்குக் கடை இருக்கிறது.

"வெளிய சொல்லிராத," என்றான் க்ளியான். "ஜெபக்கூடத்துச் செவுத்துல ஒட்டியிருக்கான் பாரு. உள்ள இருந்தவங்க யாரும் கடுதாசிக் குழுவுல சேரக்கூடாது. தெரிஞ்சா அவர் பேரைத் தூக்கிருவான். உனக்குன்னு வாரியத்துல பேச அப்புறம் யாரு இருக்கா? நீ எழுதுறதையும் தபால் ஜன்னல் அம்மா படிப்பாங்க."

லவெல் இரண்டு நாள் யோசித்தான். பேனாவில் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால், சுவரின் நிறத்துக்கு அடியில் என்ன நிறம் என்று கேட்டவர் இதே கூடத்தில் படுத்தவர்தானா என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை. இந்த வியாதியைக் கொடுத்ததே அவர்தானே.

கடைசியில் எழுதினான்: "ஐயா, புதிய இயந்திரத்துக்குப் பென்சில் தெரிவதில்லை. உங்கள் மூன்று கடிதங்களும் வெறுந்தாளாக வந்தன. தயவுசெய்து பேனாவில் எழுதுங்கள். வருவீர்களா என்ற கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. இன்னொரு கேள்வி. என் தலைமாட்டுச் சுவர் இப்போது பச்சை. நீங்கள் பார்த்தபோது என்ன நிறம்?"

மிஸ் க்ரியர் கடிதத்தைப் படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செவுத்தப் பத்தியெல்லாமா எழுதுவாங்க?" என்றபடி பெட்டியில் போட்டாள்.

பதினெட்டு நாள் ஒன்றும் வரவில்லை. ஏப்ரல் முடிந்து மே பிறந்தது. கேட்டிருக்கக் கூடாது, பயமுறுத்திவிட்டேன் என்று லவெல் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். க்ளியான்கூட கிண்டலை நிறுத்திவிட்டான். அதிலிருந்தே நிலைமை மோசம் என்று தெரிந்தது.

மே ஆறாம் தேதி மிஸ் க்ரியர் அவன் பெயரைக் கூப்பிட்டாள். நகலைக் கையில் கொடுக்கும்போது வழக்கமான கடுகடுப்பு இல்லை. "எடுத்துட்டுப் போ," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. தாளில் கறுப்பு மையில், இரண்டு பக்கமும், ஓரமே விடாமல் எழுத்து.

"லவெல், பேனா வாங்கினேன். கையில் நிற்கமாட்டேன் என்கிறது. முதல் தாளில், வருகிறேன் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில், எந்தச் சட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டிருந்தேன். மூன்றாவதில், என்மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தேன்.

"உங்கள் கேள்விக்குப் பதில்: நீலம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன், தனியறையிலிருந்து என்னை வெளியே விட்ட வாரம், அந்தக் கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆறு பேரை எடுத்தார்கள். அதில் நானும் ஒருவன்.

"சர்ச்சில் போய் நானே சொல்லிவிட்டேன். பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். வருத்தப்பட்டுத்தான் எடுத்தார்கள். அதனால் குழுவின் வழியாக வரும் கடைசிக் கடிதம் இது. பதினான்காம் தேதி காலை எட்டரைக்கு மாண்ட்கோமெரியில் இருப்பேன். நீங்கள் யார் என்று என்னைக் கேட்பார்கள். முதலில் எண்ணைச் சொல்வேன். அப்புறம் பெயரைச் சொல்வேன். அப்புறம் கடையைப் பற்றியும், அதில் உங்களுக்காகக் காலியாக இருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்வேன். இதைப் படிப்பவர்களும் படிக்கட்டும்."

கீழே ஹோசியா டார்வர் என்ற பெயர். பக்கத்தில் ஆறு இலக்கங்கள், அழிக்க முடியாத மையில்.

"என்னடா எழுதியிருக்காரு? வராரா, இல்லையா?" க்ளியான் உலுக்கினான்.

லவெல் தாளை அவன் கையில் கொடுத்தான். கட்டிலில் முழங்காலிட்டு, தலைமாட்டுச் சுவரில் தான் சுரண்டிய இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான்.

"இது அவர் அடிச்ச பெயிண்ட்டுடா," என்றான்.