மாமா வாங்கிய முப்பது பிரதிகள்

கைரொல்லா மாமா குதிரைக்கறித் துண்டை வாயில் போட்டுக்கொண்டே ஃபோனைத் தொக்ஜான் பக்கம் தள்ளினார். திரையில் அவள் உருவாக்கிய கேமின் படம், கீழே அவள் பெயர், அதற்கும் கீழே விலை. உண்மை விலையில் மூன்றில் ஒரு பங்குதான்.

"புதுசா ஒண்ணைப் பாத்தா வெறுங்கையோட பாக்கக் கூடாது. குழந்தையோ மருமகளோ காரோ, கொரிம்திக்னு ஒரு அன்பளிப்பைக் குடுத்துட்டுதான் பாக்கணும். முப்பது வாங்கிட்டேன்! ஒர்க்‌ஷாப் பசங்க, சொந்தக்காரங்க, மாடிவீட்டு ரஷ்யாக்காரன் வரைக்கும் கேமைத் திறக்குற கீ அனுப்பியாச்சு."

"எந்தத் தாய்மாமன் செய்வான் இப்படி!" என்று அம்மா அவர் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள்.

தொக்ஜான் திரையில் இருந்த ஆன்லைன் கடையின் பெயரைப் பார்த்தாள்.

"ஏன் மாமா இங்க போய் வாங்குனீங்க?"

"பெரிய கடையில ஒரு விலை. உன் சொந்தக் கடையிலயும் அதே விலை, தாய்மாமனுக்குன்னு ஒரு டெங்கே குறைச்சியா? பத்து வாங்குற காசுல இங்க முப்பது. முப்பது பேரு உன் பேரைப் பாப்பாங்க. கரகந்தா சந்தையில என்னை எவனும் ஏமாத்தினதில்ல."

போன மாதம் யாரோ திருட்டு கார்டுகளால் அவளுடைய தளத்தில் நூற்றுக்கணக்கில் கீ வாங்கினார்கள். கார்டுக்கு உரியவர்கள் புகார் கொடுத்ததும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் அபராதமும் போட்டது. அவளும் கூட்டாளி இல்யாவும் சேமிப்பைத் துடைத்துக் கட்டினார்கள். அந்தக் கீகள்தான் இந்தக் கடையில் மலிவு விலைக்குத் தொங்குகின்றன. திருடியவனுக்கு முகம் இல்லை. கடைக்கும் முகம் இல்லை. எழுதினால் இனிமையாக ஓர் இயந்திரம் பதில் சொல்லும். இத்தனை நாள் எங்கே போவதென்று தெரியாமல் உள்ளேயே சுற்றிய கோபத்துக்கு இன்றுதான் ஒரு முகம் கிடைத்தது. மீசையில் கொழுப்பு மினுங்க, சிரித்துக்கொண்டு, அவளைத் தோளில் தூக்கி வளர்த்த முகம்.

"அது திருட்டுச் சரக்கு மாமா. எனக்கு ஒரு காசு வராது. நீங்க வாங்குன ஒவ்வொண்ணுக்கும் நான் அபராதம் கட்டியிருக்கேன்."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப நான் திருடனா?"

"அப்படிச் சொல்லல."

"சொல்லிட்டியேம்மா."

"தொக்ஜான், தட்டைப் பாத்துச் சாப்பிடு," என்றாள் அம்மா.

"நான் வேற முப்பது தரேன் மாமா. சும்மாவே தரேன். அவங்களுக்கு இதை மாத்தி அனுப்பிடுங்க."

"குடுத்த கொரிம்திக்கைத் திருப்பிக் குடுப்பியா? என் மூஞ்சியிலயா வீசுற?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "படிச்சவளுக்குத் தாய்மாமன் காசு நாறுது, அக்கா."

கறிக்கு அடியில் பரப்பிய வெந்த மாவுத் தகடுகள் தட்டில் ஆறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் மடியில் ஃபோன் அதிர்ந்தது. இல்யாவின் செய்தி. "திருட்டுக் கீயெல்லாம் பிரிச்சிட்டேன். எதுவும் திறக்காதபடி நிறுத்திடவா? நம்ம ஆளுங்க யாரும் இதுல மாட்டலையே?"

முப்பதை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம். ஒரு வரி போதும். அந்த முப்பது பேரும் விளையாடுவார்கள், எங்கே மலிவு என்று இன்னும் முப்பது பேருக்குச் சொல்வார்கள், அவர்கள் எல்லோரும் அவளை வாழ்த்துவார்கள். வாழ்த்தி வாழ்த்தியே அவள் கடையை இழுத்து மூட வைப்பார்கள். மாமாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்குள் நடப்பார்.

"யாரும் இல்ல. எல்லாத்தையும் நிறுத்து," என்று அனுப்பினாள்.

தேநீர் வந்தது. மாமா பாலை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய ஃபோன் அடித்தது.

"என்னடா? கேம் திறக்கலையா? சரியா அடிச்சிருக்க மாட்டே, இன்னொரு தடவை அடி." வைத்தார். உடனே மறுபடி அடித்தது. "நீயுமா? எல்லாம் நல்ல சரக்குடா, நானே பாத்து வாங்கினது." கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மெல்லத் தெளிந்தது, கோபத்தையே மறந்துவிட்டவர் போலச் சிரித்தார். "ஏண்டா பதறுறே? செஞ்சவளே என் பக்கத்துல உக்காந்திருக்கா. எங்க அக்கா பொண்ணு. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவா, இரு."

மேசைக்கு மேலாக ஃபோனை அவளிடம் நீட்டினார். அதன் முதுகில் அவருடைய விரல்களின் கொழுப்புத் தடம். உள்ளேயிருந்து முகம் தெரியாத யாரோ மரியாதையாக, "அலோ? அலோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாமாவின் கை நீண்டபடியே இருந்தது.