தாளாளர் அறை பீரோ

அரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளியிருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆறு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். சேர்ந்த அன்றைக்கே, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருந்து எம்.எஸ்சி. பட்டம் வரை என் ஒரிஜினல் சான்றிதழ்கள் அத்தனையையும் வாங்கித் தாளாளர் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் யாரும் பாதியில் வேலையை விட்டு ஓடிவிடக் கூடாதாம். நானும் ஏதோ லாக்கரில் வைப்பதுபோல நிம்மதியாகக் கொடுத்தேன். புத்தி கெட்டவள்.

இந்த வருடம் இரண்டாம் முறையாக எழுதி, முனைவர் பட்ட நுழைவுத் தேர்வில் தேறினேன். சென்னையில் ஒரு பல்கலைக்கழகம். முழுநேர ஆய்வு, உதவித்தொகை உண்டு. தலைப்பு, எங்கள் பக்கத்துக் குடிநீரில் இருக்கும் ஃப்ளூரைடு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பல் பழுப்பு. எனக்கும்தான். என் கல்லூரிக் காலத்துப் போட்டோ எதிலும் நான் வாய் திறந்து சிரித்திருக்க மாட்டேன். அதனால் இந்த ஆய்வை வேறு யாரோ செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

நெறியாளராக இருக்க ஒப்புக்கொண்டவர் பேராசிரியர் நிர்மலா. அவர் ஓய்வு பெற மூன்றே வருடம் இருந்தது. அடுத்த வருடம் புதிதாக ஆள் எடுக்க விதி இடம் கொடுக்காது. கையில் இருந்தது ஒரே இடம்.

"வெள்ளிக்கிழமை சரிபார்ப்பும்மா. ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டு வந்துடு" என்றார் போனில்.

ஆங்கிலத் துறை ஆஃப்ரின் என் தோழி. விஷயத்தைச் சொன்னதும் பதறினாள். "கலை, பிஎச்டின்னு வாயத் தொறந்துடாத. பேங்க் லோனுக்குக் கேக்குறாங்கன்னு சொல்லு. நான் பாஸ்போர்ட்டுன்னு சொல்லித்தான் வாங்குனேன்."

நான் கேட்கவில்லை. ஆண்டு விழா மேடையில் தாளாளர் முனியப்பன் வருடா வருடம் 'நம் ஆசிரியர்கள் படித்து உயர வேண்டும்' என்று பேசுவார். அதை நம்பிய ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. திங்கட்கிழமை போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ரொம்ப சந்தோசம்மா" என்றார். "நம்ம புள்ள டாக்டர் ஆவுறது நமக்குத்தான பெருமை. வெங்கடாசலத்துக்கிட்டச் சொல்லிடறேன், வாங்கிக்க."

செவ்வாய்க்கிழமை அலுவலக கிளார்க் வெங்கடாசலம், "அய்யா இன்னும் சொல்லலீங்க மேடம்" என்றார். புதன்கிழமை கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். தந்தேன். வியாழக்கிழமை தாளாளர் கல்யாணத்துக்கு ஓசூர் போய்விட்டார். பீரோச் சாவி அவர் சட்டைப் பையில். போன் செய்தால், "மண்டபத்துல இருக்கேன், ஒண்ணுமே கேக்கலம்மா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

"சார், வேற சாவி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று வெங்கடாசலத்திடம் கெஞ்சினேன்.

"இருந்தா நானே தொறந்து குடுத்துருவேனே மேடம். என்னோட சர்டிபிகேட்டும் அதுக்குள்ளதான் கெடக்குது."

அந்தப் பீரோவை ஓங்கி ஒரு உதை விடத் தோன்றியது. விடவில்லை. மணி அடித்தது, இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

பொம்மிடியில் ரயிலேறி, ஜெராக்ஸ் கட்டோடு வெள்ளிக்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் போய் நின்றேன். சரிபார்க்கும் அதிகாரி நல்ல மனிதர். "ஒரிஜினல் எங்ககிட்டதான் இருக்குன்னு உங்க கல்லூரியிலருந்து ஒரே ஒரு கடிதம். மூணு மணிக்குள்ள மெயில்ல வந்தாப் போதும்மா" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பத்து முறை அடித்த பிறகு தாளாளர் போனை எடுத்தார். சொன்னேன்.

"ஏம்மா, ஸ்டாஃபோட சர்டிபிகேட்ட நாங்க வாங்கி வெச்சிருக்கோம்னு எழுத்துல எப்படிக் குடுக்கறது? அப்படி வெச்சிருக்கவே கூடாதும்மா. ரூல்ஸ் ஒத்துக்காது."

"சார், ஆனா வெச்சிருக்கீங்களே சார்."

"அது வேறம்மா."

மூன்று மணி வரை மெயில் வரவில்லை. மூன்றே காலுக்கு, காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒரு பையனைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் நிர்மலா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா" என்றார். அவர் மேல் என்ன தப்பு? அந்தப் பையன் மேல்தான் என்ன தப்பு? நடைபாதையில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

பத்து நாள் கழித்துத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டு விட்டார்கள். பீரோ விரியத் திறந்திருந்தது. எல்லோருடைய ஃபைலும் மேசையில் வரிசையாக இருந்தது. மேலேயே என்னுடையது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.

"நாளைக்கு நம்ம காலேஜ இன்ஸ்பெக்‌ஷன் பண்ண ஆய்வுக் குழு வருதும்மா. பிஎச்டி எத்தன பேருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. ஸ்டாஃப் லிஸ்ட்டுல ஒம் பேருக்கு நேரா 'முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறார்'னு போட்டிருக்கேன், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

"எனக்குத்தான் எடம் கெடைக்கலீங்களே சார்."

"பரிச்ச பாஸ் பண்ணல நீ? அப்பறம் என்ன."

என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாகிப் போயிருந்தது. "சார், என் ஃபைல இப்ப எடுத்துக்கட்டுங்களா?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இப்ப எதுக்கும்மா? அட்மிஷன்தான் முடிஞ்சிடுச்சே."

பேனாவின் மூடியை அவரே கழற்றிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.