ஐந்து சம்பளத் துண்டுகள்

"இதுல அஞ்சு மாசந்தானே இருக்கு. மிச்ச ஏழும் எங்க?"

"அதெல்லாம் சரியில்லாத மாசங்க ஐயா. அடுப்புல போட்டுட்டேன்."

கிராம சேவகர் முனாப் பேனாவை மூடி வைத்துவிட்டு என் அம்மாவைப் பார்த்தார். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் நீலச் சேலையில் வந்திருந்தாள். மேசைமேல் அவள் வரிசையாகப் பரப்பியிருந்த சம்பளத் துண்டுகள் ஐந்திலும் இருபத்தைந்து நாளுக்குக் குறையாத வேலை. எல்லாவற்றிலும் மேலதிகமாகப் பறித்த தேயிலைக் கொழுந்துக்கான காசும் இருந்தது. அவற்றை என் பரீட்சைச் சான்றிதழ்களோடு ஒரே உறையில்தான் வைத்திருந்தாள்.

"இத வச்சு வருசக் கணக்குப் போட்டா நீங்க வசதியான ஆள், அழகம்மா. மகளுக்கு உதவிப்பணம் கெடைக்காது."

"அரசாங்கத்துக்குக் காட்டுறதுன்னா நல்லதத்தானேங்க காட்டணும்?"

முனாப் சிரிக்கவில்லை. படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நாளைக்குக் கடைசி நாள். தோட்டத்து ஆபீஸ்ல பன்னெண்டு மாசத்துக்கும் சம்பளக் கடிதம் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கு நாலு மணிக்குப் பூட்டிருவேன். அதுக்குப் பொறகு நான் இங்க இருக்கிறது செவ்வாய்க்கிழமதான்."

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அந்த உதவிப்பணம் இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த இடம் வெறும் காகிதத்தில்தான் இருக்கும்.

எங்கள் தோட்டம் இருக்கும் ஹந்தானைக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா தேயிலைக்குள் குறுக்கு வழியில் ஏறினாள். பின்னால் நான் மூச்சிரைக்க ஏறினேன். கீழே மரங்களுக்கிடையில் பல்கலைக்கழகக் கூரைகள் தெரிந்தன. எங்கள் லயத்து வீட்டு வாசலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் கதைகளில் வரும் தூரத்து நகரம் போலத் தெரிந்த கூரைகள் அவை. இன்று அவற்றை நின்று பார்க்க நேரமில்லை.

"நான் ஏமாத்த வந்தேன்னு நெனச்சிருப்பாரோ?"

"இல்லம்மா."

"அரைப்பேரு விழுந்த துண்ட எப்படிப் புள்ள ஒரு மனுசன் முன்னால நீட்டுறது?"

கொழுந்து நிறை குறைந்த நாட்களுக்கு அரை நாள் கூலிதான் எழுதுவார்கள். அதுதான் அரைப்பேர்.

தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கம் விஷயத்தைக் கேட்டதும் பதிவேட்டை இறக்கினார். "ஒன்னையப் பணக்காரின்னு சொல்லிட்டாரா?"

"நானும் அப்பிடித்தாங்கய்யா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

சம்பள விஷயமாக வந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் மாதங்களை உரக்க வாசிக்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

"பெப்ரவரி. ஒம்பது நாள். அதுல நாலு அரைப்பேரு."

"ஆமாங்கய்யா. வெயில்ல கொழுந்து வரல."

"ஜூன். பதினொரு நாள்."

"ஆமாங்கய்யா. மழை."

"ஓகஸ்ட். ஏழு."

"ஆமாங்கய்யா. அட்டைக்கடி சீழ் வச்சிருச்சு."

ஓகஸ்டில்தான் எனக்கு உயர்தரப் பரீட்சை. கால் வீங்கிப்போய் வீட்டில் இருந்தவள், எனக்குச் சமைத்துக் கொடுக்க லீவு போட்டதாகச் சொல்லியிருந்தாள். நானும் நம்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் இரவல் வாங்கிப் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில், தோற்ற தளபதிகள் எதிரியின் கூடாரத்தில் தலை நிமிர்ந்து நிற்பார்கள். அதெல்லாம் எழுதுபவர்கள் சேர்ப்பது என்று நினைத்திருந்தேன். ஏழு மாதங்களுக்கும் அம்மாவின் 'ஆமாங்கய்யா' ஒரே சத்தத்தில் வந்தது. ஒருதரம்கூட அவள் கீழே பார்க்கவில்லை.

கடிதம் தட்டச்சாகி வந்தபோது மணி மூன்று பத்து. இறங்கிப் போக அரை மணியாவது வேண்டும். வருமானம் உதவிப்பணத்துக்கான எல்லைக்குள்தான் இருந்தது. நான் உறையைத் திறந்து பிடித்துக்கொண்டேன். சுந்தரலிங்கம் கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரையை மையில் அழுத்தித் தூக்கினார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க."

அம்மா உறைக்குள்ளிருந்து நவம்பர் மாதத் துண்டை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள். மூலைகளை விரலால் நீவிவிட்டாள்.

"கீழ எடம் இருக்குல்லங்க. இந்த மாசம் இருபத்தாறு நாளும் வேலைக்கு வந்து, இந்தத் தோட்டத்துலயே எல்லாரையும் விடக் கூடக் கொழுந்து எடுத்தவ அழகம்மான்னு ஒரே ஒரு வரி சேத்து அடிச்சுக் குடுங்கய்யா."