விட்டுப்போகாத மாதங்கள்

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேலே இருந்த பேட்டை மருத்துவ நிதி என்ற எழுத்தைக் கண்டதுமே கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளிவிட்டார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து இது செல்லாதும்மா. உங்க நிதியிலேர்ந்து ஏழு மாசமா எங்களுக்குப் பணம் வரல."

பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறவள் திரும்பி, கூட வந்திருந்த தையல்காரியைப் பார்த்தாள். உள்ளே பிஸ்கட் கம்பெனிக்காரியின் புருஷன் இதயக்குழாய் அடைத்துக் கிடக்கிறான். இன்றைக்கே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். ஆறு வருஷமாகச் சந்தா கட்டுகிறவள் அவள். ஒரு காய்ச்சல் மாத்திரைக்குக்கூட அந்த அட்டையை நீட்டியதில்லை.

தையல் நேரம் போக, வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்கி அட்டையில் தேதி ஸ்டாம்ப் குத்துவது தையல்காரியின் பொறுப்பு. மூன்று மாதம் கட்டாதவருக்கு நிதி கிடையாது என்பது விதி. மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய அண்ணி பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கிடந்தபோது, அண்ணன் அட்டையில் ஐந்து மாதம் காலி. ஸ்டாம்பின் சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஐந்தையும் குத்தினாள். அண்ணி பிழைத்தாள். அதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை, இன்று காலை வரைக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அண்ணனுக்குச் செய்ததை எனக்குச் செய்ய மாட்டாயா என்று அடுத்த வீட்டுக்காரர் வந்து நின்றார். பிறகு அவருடைய மச்சான். யாரிடமும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்புறம் மாதாமாதம் கதவைத் தட்டினால், "உடம்புக்கு வந்தா கட்டிக்கிறோம்க்கா, நீதான் இருக்கியே" என்று சிரித்தார்கள். திடமாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவ, நோயாளிகள் மட்டும் மிஞ்சினார்கள். கட்டுகிறவர் பத்துப் பேர், படுக்கிறவர் நாற்பது பேர் என்றால் எந்த நிதிதான் தாங்கும்?

பிஸ்கட் கம்பெனிக்காரி மட்டும் முதல் தேதியன்று தட்டுவதற்கு முன்பே வாசலில் பணத்தோடு நிற்பாள். பிழைக்கத் தெரியாதவள் என்று பேட்டையே கேலி பேசியது. தையல்காரியும் ஒருமுறை சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

"சார், அட்டைக்குள்ள ஒரு தடவ பாருங்க சார். நான் ஒரு மாசங்கூட விடல."

"நீங்க விடலம்மா. உங்க மேல தப்பில்ல." அவர் தன்மையாகத்தான் சொன்னார். சிடுசிடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தையல்காரிக்கு.

பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் கம்பெனிக்காரி விரலை வைத்து மாதங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். பாதியில் எண்ணிக்கை தவறியது. அட்டையை நீட்டினாள்.

"நீ பாருக்கா. எங்கியாவது ஒண்ணு விட்டுப்போயிருக்கும். உங்க அண்ணிக்குப் போட்ட மாதிரி இப்பப் போட்டுடலாம்ல?"

தையல்காரி வாங்கிப் புரட்டினாள். எழுபத்திரண்டு கட்டங்கள். எழுபத்திரண்டிலும் அவள் கையால் குத்திய ஊதா மை.