இருநூற்றுப் பதினாறு கம்பிகள்

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் தொடங்கியது. யார்க்‌ஷயரில் எங்கள் ஊர் நீச்சல்குளத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். மேலே மரக்கூரை. இதை யாரோ ஒருவர் தொங்கவிட்டிருக்கிறார் என்று அன்றுதான் தோன்றியது. அந்த ஒருவர் தப்புச் செய்திருந்தால்? கரையேறிவிட்டேன். அதன்பின் மல்லாந்து மிதந்ததில்லை.

2

முதல் தொடக்கம்: ‘கட்டடக் கலைஞர் ஹெஸ்டர் ஆக்ராய்ட். வயது அறுபத்திரண்டு. நான்கு நூலகங்கள், ஒரு நீதிமன்றம், ஒரு—’

(இரங்கல் குறிப்பு போல இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: வாழ்நாள் விருதுக்காக ஹெஸ்டரின் கட்டடங்களைப் புதிதாகப் படமெடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை, லண்டன் அலுவலகத்தில், தன் முதல் கட்டடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். வடக்கே ஒரு சிறு நகரத்தின் நீச்சல்குளம். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதன் உட்கூரை இருநூற்றுப் பதினாறு மெல்லிய எவர்சில்வர்* கம்பிகளில் தொங்கியது. மேகம்போல் நிற்கிறது என்று அன்று எழுதினார்கள்.

படத்தில் ஒரு கம்பி எதையும் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. முறிந்த முனை பளபளத்தது.

* துருப்பிடிக்காது என்றுதான் எவர்சில்வர் வாங்குகிறோம். வெந்நீர்க் குளத்தின் குளோரின் ஆவி அதன் பளபளப்பைக் கெடுக்காது. கண்ணுக்குத் தெரியாத விரிசலாக உள்ளே இறங்கும். பொறியாளர் துத்தநாகம் பூசிய தடித்த கம்பி கேட்டிருந்தார். அசிங்கமாக இருக்கும் என்று மறுத்தவள் ஹெஸ்டர். அப்போது இது அவளுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

3

அவளுடைய கூட்டாளி ரூபர்ட்டை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன்.

“ஒண்ணே ஒண்ணுதானே போயிருக்கு?”

“ஒண்ணு போனா அதோட பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், ரூபர்ட். அதுக்கும் அதே வயசு.”

“வியாழக்கிழமை விருது. வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பிப் பாக்கலாம். இருபத்தெட்டு வருஷம் நின்னது நாலு நாள் நிக்காதா? இப்ப மூடச் சொன்னா நாளைக்குப் பேப்பர்ல உன் மூஞ்சி, கீழ அந்தக் கம்பி. அப்புறம் நீ கட்டின ஒவ்வொண்ணையும் சுரண்டிப் பாப்பாங்க.”

திரும்பப் படித்தேன். இது வில்லனின் குரல் இல்லை. நான் எனக்குள் பேசிக்கொள்ளும் குரல்.

[இங்கே ஹெஸ்டரின் துணிச்சலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அது அவளிடம் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்ததால் எடுத்துவிட்டேன்.]

4

ஒன்பதே முக்காலுக்கு அவள் குளத்தின் மேலாளர் க்ளைவைக் கூப்பிட்டாள்.

“அட, நீங்களாம்மா! விருதெல்லாம் வாங்கப்போறீங்களாமே. எங்களுக்கு ஒரு பிஸ்கட் டப்பாகூடக் கிடையாதா?”

“கூரை எப்படி இருக்கு, க்ளைவ்?”

“எங்க ஊர்லயே அழகானது அதுதான். என் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடாதீங்க.”

அவள் சிரிக்கவில்லை. “மேலேர்ந்து ஏதாவது... விழுந்துதா?”

“போன வாரம் டிங்னு ஒரு சத்தம். விரல் நீளத்துக்குக் கம்பித்துண்டு. தொலைஞ்ச பொருள் பெட்டியில போட்டு வெச்சிருக்கேன், மூக்குக்கண்ணாடிங்களோட. யாரும் கேட்டு வரல. ஏம்மா, உங்களுதா?”

அவனுக்குப் பின்னால் பெண்களின் சிரிப்பு எதிரொலித்தது.

“யாரு அங்க?”

“பத்து மணி தண்ணிக்குள்ள உடற்பயிற்சி வகுப்பு. பதினாலு பேர், எல்லாம் முட்டிவலிக் கோஷ்டி. படியில நின்னு வம்பளந்துக்கிட்டு இருக்காங்க, இன்னும் ஒருத்தரும் இறங்கல. சொல்லுங்கம்மா, வேற என்ன?”

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். அவள் சொன்ன

(மூன்று வாரமாக வாக்கியம் இங்கேயே நிற்கிறது.)

5

முடிவு ஒன்று: “எல்லாரையும் வெளிய அனுப்பு. இப்பவே.” குளம் மூடப்படுகிறது. கழற்றிப் பார்த்ததில் நாற்பத்தொரு கம்பிகளில் விரிசல். ஒருவர்கூட அவளுக்கு நன்றி சொல்லவில்லை. ‘முன்னாடியே தெரிஞ்சிருக்கும்’ என்கிறார்கள். விருது ஓசையில்லாமல் வேறொருவருக்குப் போகிறது.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. பத்து இருபதுக்கு—

(எழுத மாட்டேன். அந்தப் பதினான்கு பேருக்கும் பெயர் வைக்காமல் விட்டதே இதற்குப் பயந்துதான்.)

முடிவு மூன்று: “ஒண்ணுமில்ல, க்ளைவ். சும்மாதான்.” கூரை விழவில்லை. செவ்வாயன்றும் இல்லை, வியாழனன்றும் இல்லை. அவள் விருது வாங்குகிறாள். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவது தள்ளிப்போகிறது. பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினான்கு பேர் வாரம் தவறாமல் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

முதல் முடிவை ஏழு முறை திருத்தினேன். மூன்றாவது ஒரே மூச்சில் வந்தது, ஒரு அடித்தல்கூட இல்லை. என் கை இவ்வளவு லாகவமாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளுக்குப் பக்கத்தில் உட்காரவே இப்போது பயமாக இருக்கிறது.

ஆகவே உங்களிடம் தருகிறேன். க்ளைவ் இணைப்பில் காத்திருக்கிறான். படியில் யாரோ ஒருத்தி முதல் காலை நனைத்துவிட்டாள். ஹெஸ்டரின் அடுத்த சொல் உங்களுடையது. ஒன்றே ஒன்று: யோசித்து எழுதாதீர்கள். யோசித்தால் நீங்களும் மூன்றாவதில்தான் போய் நிற்பீர்கள்.